செவிலியர் மாணவிகளின் உதவித்தொகை சேர்க்கை நேரத்தில் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்டுவரும் வழிகாட்டிப் பகுதியில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பைப் பற்றியும் அதற்குக் கிடைக்கும் உதவித்தொகைகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். தெருவில் கேட்டவர்களுக்குப் படித்தும் காட்டினேன். பட்டியலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பது மட்டும் அதில் இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்பைப் பாதியில் விட்டதெல்லாம் பெரும்பாலும் அதனால்தான்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்சாகச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். இப்போது பள்ளத்தூரில் இருக்கிறேன். பயிற்சிக்கு வார்டுக்கு வரும் மாணவிகளை வேலைக்காலம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சேர்க்கை நேரம் வந்தால் கோட்டையூர், கண்டனூர், புதுவயல் பக்கமிருந்து பெற்றோர் சான்றிதழ்க் கவரோடு இன்றும் வீட்டுக்கு வருகிறார்கள். "நர்சம்மா, இந்தப் பிள்ளைக்கு என்னென்ன கிடைக்கும்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள்.

கிடைப்பது கொஞ்சம் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பழைய திருமண உதவித் திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றி 2022 செப்டம்பரில் தொடங்கினார்கள். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. நர்சிங் படிக்கும் பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற 2012-ஆம் ஆண்டு அரசாணை 92-உம் அவர்களுக்கு இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குத் தனி உதவித்தொகை, விடுதி. இந்தத் திருமண உதவி படிப்பு உதவியாக மாறியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வயதுப் பெண்கள் பலருக்கு வீட்டில் நகைக்குத்தான் சேர்த்து வைத்தார்களே தவிர படிப்புக்கு யாரும் சேர்த்து வைக்கவில்லை.

சரி, இவ்வளவும் இருந்தும் ஏன் நின்றுபோகிறார்கள்?

புதுவயல் பக்கத்துப் பெண் ஒருத்தி. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார், வேலை இல்லாத நாளில் ஆலையிலேயே களத்தில் நெல் கிளறுவார். கலந்தாய்வு வழியாகவே அவளுக்கு வெளி மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசாணை 92 அவளுக்குப் பொருந்தும். ஆனால் கல்லூரி அலுவலகத்தில் சொன்னது இது: "முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்." அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. மீதிக்குத் தண்டல் வட்டி. முதல் செமஸ்டர் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, உதவித்தொகை வரவில்லை. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அடகு வைக்க வீட்டில் எதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் தாயும் மகளும் என்னிடம் வந்தார்கள்.

இங்கே ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். 2021 முதல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. மத்தியப் பங்கு நேராக மாணவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நல்ல ஏற்பாடுதான், இடையில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் "உங்கள் கணக்கு" என்றால் பாஸ்புக் இருக்கும் கணக்கு என்று அர்த்தம் இல்லை. ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ, அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். அவளுக்குப் பணம் வந்துவிட்டது என்று இணையதளம் காட்டியது, வங்கியிலோ வரவில்லை என்றார்கள். விசாரித்தால், பிளஸ் ஒன் படிக்கும்போது சிம் கார்டு வாங்கிய கடையில் கைரேகை வைக்கச் சொல்லி ஒரு கணக்கைத் திறந்திருக்கிறார்கள். அது அவளுக்கே தெரியாது. அந்தக் கணக்கில் பணம் பத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்குச் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்துக்கு நானும் கூடப் போய் மனுக் கொடுத்தேன். அங்கே இருந்த ஒரு இளம் அலுவலர்தான் எந்த வங்கி என்று பார்த்துச் சொன்னார், அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அதற்குள் தண்டல்காரருக்குக் கட்டிய வட்டியே ஒரு செமஸ்டர் மெஸ் பில்லுக்குச் சமமாகிவிட்டது. அவள் தப்பித்தாள், இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அதே வகுப்பில் சேர்ந்த இன்னொரு பிள்ளை திரும்பிவிட்டாள், காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மதிப்பெண் அவளுக்குத்தான் அதிகம்.

ஆகவே இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேலை சொல்கிறேன். விண்ணப்பம் போடும் முன்பே பிள்ளையின் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியிலோ இ-சேவை மையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. வருமானச் சான்றிதழைத் தேதி பார்த்து வையுங்கள், காலாவதி ஆகியிருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும்.

அடுத்தது ஏஜெண்டுகள். மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். பள்ளியில் படித்தவர்களின் போன் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று யாராவது விசாரிக்க வேண்டும். "டிரஸ்ட் சீட்", "ஃபீஸே கிடையாது, ஹாஸ்டலுக்கு மட்டும் கட்டினால் போதும்" என்று சொல்லி அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெங்களூரு, ஆந்திரா என்று பிள்ளைகள் போகிறார்கள். போன பிறகுதான் அது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்று தெரிகிறது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். வேறு உதவிகளும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் எட்டாமல் போகலாம். திரும்பி வரலாம் என்றால் சான்றிதழ் கையில் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. இது பெற்றோருக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் கேட்கப் பயப்படுகிறார்கள்.

ஏஜெண்டுகளுக்கு இவ்வளவு இடம் கிடைக்கக் காரணம், செவிலியர் படிப்புக்கான கலந்தாய்வு தள்ளித் தள்ளிப் போவதுதான். கலைக் கல்லூரிக்கும் பொறியியலுக்கும் போன தோழிகள் வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகும் நர்சிங்குக்குக் காத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள், அப்பாவுக்குப் பொறுமை போய்விடுகிறது. அந்த இடைவெளியில்தான் ஏஜெண்டு வாசலில் வந்து நிற்கிறார். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்கு என் வேண்டுகோள்: பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கலந்தாய்வை முன்கூட்டியே நடத்தி முடிக்கப் பாருங்கள்.

வங்கிக் கடன் ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையமோ மூன்றாம் நபர் ஜாமீனோ வாங்காமல் கொடுக்க அரசின் கடன் உத்தரவாத நிதி உண்டு. பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்குமேல் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டமும் உண்டு. ஆனால் கிளையில் போய் நின்றால் பட்டா எங்கே, வருமான வரிக் கணக்கு எங்கே என்றுதான் கேட்கிறார்கள். மூட்டை தூக்குகிறவருக்கு ஏது வருமான வரிக் கணக்கு? 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் மேலே உள்ள 860 கல்வி நிறுவனங்களுக்கு என்று தொடங்கியது. எங்கள் பிள்ளைகள் போய்ச் சேரும் சின்ன நர்சிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை அதில் வராது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. கடன் வாங்காமல் படிக்க முடிந்தால் அதுதான் நல்லது, ஏனென்றால் படித்து முடித்த நர்சுக்குத் தனியார் மருத்துவமனையில் முதலில் கிடைக்கும் சம்பளம் தவணை கட்டும் அளவுக்கு இருப்பதில்லை. அரசுப் பணியிலும் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் வாங்கிய தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்.

கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எந்த உதவித்தொகைப் பட்டியலிலும் வராத செலவு ஒன்று இருக்கிறது, அது வெளியே தெரியாது. நர்சிங் படிக்கும் பிள்ளை காலையில் வார்டில் இருப்பாள், மதியம் வகுப்பில் இருப்பாள். பயிற்சி நடக்கும் மருத்துவமனை கல்லூரியிலிருந்து தள்ளி இருந்தால் பஸ் கட்டணம் தனி. வெள்ளைச் சீருடை இரண்டு ஜோடி, கிராமப் பயிற்சிக்கு வேறு நிறச் சீருடை, வெள்ளை ஷூ, ஸ்டெதாஸ்கோப், ரத்த அழுத்தக் கருவி, ரெக்கார்டு நோட்டுகள், சார்ட், கேஸ் ஸ்டடி எழுதி பைண்டிங் செய்யும் செலவு, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம். நாடி பார்க்க விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் வேண்டும். வார்டில் செல்போன் எடுக்கக் கூடாது. எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பிள்ளை பக்கத்துக் கட்டில் நோயாளியின் உறவினரிடம் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி நாடி எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்தேன். ஆசிரியை திட்டுவாரே என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கடிகாரம் சில நூறு ரூபாய்தான். ஆனால் அந்தச் சில நூறு அந்த மாதம் அந்த வீட்டில் இல்லை. புதுமைப் பெண் பணம் இப்படிப்பட்ட செலவுக்குத்தான் கைகொடுக்கிறது, அதனால்தான் மாதா மாதம் வரும் அந்த ஆயிரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பெரிய தொகை வருஷக் கடைசியில் வருவதைவிடச் சின்னத் தொகை தேதி தவறாமல் வருவது பிள்ளையை வகுப்பில் நிறுத்துகிறது.

இனி, நான் சொல்ல வந்த யோசனை. இது அரசுக்கு இல்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்கு.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் கல்விக்குக் கொடுப்பது புதிது இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் எழுந்தது எங்கள் பக்கத்து அண்ணாமலைச் செட்டியார் கொடுத்த பணத்தில்தான். அங்கே ராணி மெய்யம்மை பெயரில் செவிலியர் கல்லூரியும் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், அதுவும் நாற்பதுகளில். ஊர்க் கோயிலுக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி எழுதி, பைசா பிசகாமல் வசூலித்து, ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிக்கும் வழக்கம் இன்றும் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் நடக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்களின் ஊர் இது. பணத்தை எப்போது கொடுத்தால் அது வேலை செய்யும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இந்த ஊர்ப் பெரிய வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நடந்து போகவே சிரமப்படும் ஒரு ஆச்சியோ ஐயாவோதான் வீட்டில். இன்சுலின் போடவும், சிறுநீர்க் குழாய் மாற்றவும், படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடவும் என்னைக் கூப்பிடுகிறார்கள், என்னால் முடிந்த வரை போகிறேன். மற்ற நேரத்துக்கு ஏஜென்சி மூலம் ஆள் வருகிறது. வருகிறவர்களில் பலர் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் இருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் முதுகுப் புண்ணை ஆற்றுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்த ஊருக்கே படித்த நர்சுகள் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் என்ன காரணம் சொல்ல?

எங்கள் அறக்கட்டளைகள் பொறியியலுக்கும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் மனமுவந்து கொடுக்கின்றன. நர்சிங் என்று விண்ணப்பம் போனால் "அதற்குத்தான் அரசாங்கம் தருகிறதே" என்று திருப்பிவிடுகிறார்கள். அரசாங்கம் தருகிறதுதான், தாமதமாகத் தருகிறது. அந்தத் தாமதத்துக்கு மட்டும் ஊர் தோள் கொடுத்தால் போதும்.

ஒரு சுழல் நிதி வேண்டும். ஒரு ஊரில் 5 லட்சம் ரூபாய் ஒதுக்கினால், ஆளுக்கு 50,000 வீதம் 10 மாணவிகளுக்குச் சேர்க்கை நேரத்திலேயே கல்லூரியின் பெயருக்குக் கட்டலாம். வட்டி கிடையாது. அரசு உதவித்தொகை கணக்குக்கு வந்ததும் குடும்பம் அதை நிதிக்குத் திருப்பிக் கட்டும். அடுத்த ஆண்டு அதே 5 லட்சம் மறுபடியும் போகும். கையெழுத்துக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவர், அந்தப் பிள்ளை படித்த பள்ளியின் ஆசிரியர் ஒருவர் போதும். பட்டா கேட்க வேண்டாம், நகை கேட்க வேண்டாம். கொஞ்சப் பணம் திரும்பாமல் போகலாம். அதை ஐந்தொகையில், அதாவது ஆண்டு இருப்புக் கணக்கில், தர்மக் கணக்காக எழுதிவிடலாம், எங்கள் பெரியவர்களுக்கு அப்படி எழுதத் தெரியும். சீருடை, கடிகாரம், ஷூ, ரெக்கார்டு நோட்டு ஆகியவற்றுக்குத் திருப்பிக் கேட்காத ஒரு சிறு தொகை தனியாக. இதை நகரத்தார் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆலை முதலாளிகள் இருக்கிறார்கள், காரைக்குடி, தேவகோட்டை வணிகர்கள் இருக்கிறார்கள். வளைகுடாவிலும் அயர்லாந்திலும் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து நர்சுகளே இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் பேசினேன், ஊரில் ஒரு ஏற்பாடு இருந்தால் அனுப்பத் தயார் என்கிறார்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அரசாணை 92-க்குத் தகுதி உள்ள பிள்ளையிடம் கட்டணம் கேட்கும் கல்லூரியைக் கேள்வி கேட்க மாவட்டத்தில் ஓர் அலுவலர் வேண்டும். அவருடைய போன் எண் ஒதுக்கீட்டு ஆணையிலேயே அச்சாகி வர வேண்டும். முதல் ஆண்டு உதவித்தொகையில் ஒரு பகுதியையாவது முதல் செமஸ்டர் முடியும் முன் கொடுத்துவிட வேண்டும். இரண்டாம் ஆண்டு தாமதமானால் ஓரளவு சமாளிக்கலாம், முதல் ஆண்டில் முடியாது.

ஆசிரியர் அவர்களே, அந்த வழிகாட்டிப் பகுதியை அடுத்த முறை வெளியிடும்போது ஒவ்வொரு உதவித்தொகைக்கும் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டிய மாதத்தையும், சென்ற ஆண்டு பணம் வந்து சேர்ந்த மாதத்தையும் போடுங்கள். கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் பெற்றதா என்று சேரும் முன் பார்க்கச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள்.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சுகள் சிலர் காரைக்குடியில் இருக்கிறார்கள். ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து கலந்தாய்வு முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சான்றிதழ்களைச் சரிபார்க்கவும், விண்ணப்பம் நிரப்பவும், வங்கிக் கணக்கைப் பார்த்துச் சொல்லவும் நாங்கள் தயார். உட்கார ஓர் இடம் வேண்டும், இணைய வசதி வேண்டும். நகரச் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, பள்ளியோ ஒரு கூடம் தந்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். முன்வருகிறவர்கள் உங்கள் பத்திரிகை அலுவலகம் மூலமாகத் தெரிவித்தால் போதும், என் முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.